சாப்பிட வந்த இரும்பு

மழை எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று தவளைக்கே குழப்பம் வருகிற தெற்குச் சீமையில், பியோபியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், மபுச்சே என்கிற பூர்வகுடிச் சனங்களின் ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊரில் எல்லா வீட்டு வாசலும் கிழக்கே பார்த்திருக்கும், எல்லா வீட்டின் நடுவிலும் அடுப்பு அணையாமல் எரியும். வந்தவரைச் சாப்பிட்டாயா என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் ஆயிற்று என்று பொய் சொல்லிவிடுவார்கள் என்பதால், நேராகக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அந்தச் சீமைக்குத்தான் ஸ்பானியர் வந்தார்கள். கடல் கடந்து, குதிரையோடும் துப்பாக்கியோடும் வந்தவர்கள், ஆற்று மணலில் தங்கம் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். தங்கத்தைக் கண்டுபிடித்த கண்ணுக்கு மணலைக் கழுவுகிற கை இல்லை போலிருக்கிறது. ஊர் ஊராகப் போய் ஆண்களைப் பிடித்துக் கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டு போனார்கள். வங்லென் என்பவளின் கணவனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். இடுப்பளவுக் குளிர்ந்த தண்ணீரில் மணல் கழுவப் போனவன் திரும்பி வரவில்லை. அதிலிருந்து ஊர் ஈட்டியைக் கீழே வைக்கவில்லை. ஈட்டி என்றால் கல்மூங்கிலை வெட்டி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, நுனியைச் சுட்டுக் கூராக்கியது. ஆளைவிட மூன்று மடங்கு நீளம். எல்லாம் நல்ல ஈட்டிதான், ஆனால் ஸ்பானியன் மார்பில் கட்டியிருக்கிற இரும்பில் பட்டால் மூங்கில் நுனி மழுங்கிவிடும். அது ஒன்றுதான் குறை, அந்த ஒன்றில்தான் உயிர் போய்க்கொண்டிருந்தது.

வங்லெனுக்குப் பக்கத்து வீட்டில் லியாங்கா இருந்தாள். கைக்குழந்தைக்காரி. குழந்தைக்குப் பிச்சி என்று பெயர், அவர்கள் பேச்சில் குட்டி என்று அர்த்தம். லியாங்காவின் கணவன் நெக்குல், ஊரிலேயே வேகமாக ஓடுகிறவன், கோல்பந்து ஆட்டத்தில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது.

கோல்பந்து என்பது வெறும் விளையாட்டில்லை. இரண்டு ஊர்க்காரர்கள் எதிரெதிரே வரிசையாக நிற்பார்கள். நுனி வளைந்த கோலால் தோல் சுற்றிய மரப்பந்தை அடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒவ்வொருவனுக்கும் எதிர் வரிசையில் ஒருவன் உண்டு, அவன்தான் அவனுடைய எதிர்ச்சோடி. ஆட்டம் முழுக்க அவனைத்தான் மறிக்கவேண்டும், அவன் காலைத்தான் வாரவேண்டும், முடியைப் பிடித்து இழுத்தாலும் அவன் முடியைத்தான் இழுக்கவேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவனையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போடவேண்டும். அடுத்த முறை அவன் திருப்பிப் போடுவான். திருப்பிப் போடுகிறவரைக்கும், ஆட்டத்தில் தவிர, அவன்மேல் ஒரு கீறல் விழக்கூடாது. சண்டைக்காரனே விருந்தாளி, விருந்தாளியே சண்டைக்காரன், இதில் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

இப்படியிருக்க, இலையுதிர்கிற காலத்தில் ஒரு காலையில், ஆற்றுத் துறையில் ஸ்பானியக் குதிரைப்படை இறங்கியது. ஊர் ஈட்டியோடு ஓடியது. நெக்குலின் ஈட்டி முதல் குத்திலேயே ஓர் இரும்பு மார்பில் பட்டுச் சிதறிப்போக, அவன் முதுகில் செருகியிருந்த கோல்பந்துக் கோலை உருவி, எதிரே வந்த கவசக்காரனின் கணுக்காலில் கொக்கி போட்டு ஒரு வாரு வாரினான். கவசக்காரன் தண்ணீரில் மல்லாந்து விழுந்தான். அவ்வளவு நேரம் மூச்சிரைக்க மறித்து நின்றவன் விழுந்த திருப்தியில், பத்து வயதிலிருந்து ஆடி ஆடிப் பழகிய வாய், நெக்குலைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது:

“நல்ல ஆட்டம் மச்சான். நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வா.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். உள்ளே இருந்த ஆளோ கவசத்து வாரை அறுத்து, அவரைத் தோலிலிருந்து பருப்பு நழுவுகிற மாதிரி நழுவி, கிழிந்த சட்டையோடு கரையேறி ஓடியே போய்விட்டான். அன்றைக்கு ஸ்பானியர் பின்வாங்கினார்கள். கவசம் ஆற்றோடு போயிற்று என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் அழைப்பு கவசத்தின் காதில் விழுந்திருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஆள்காட்டிக் குருவிகள் கத்தின. புது ஆள் வந்தால்தான் அவை கத்தும். லியாங்கா பிச்சிக்குத் துணி மாற்றித் தொட்டில் பலகையில் கட்டிக்கொண்டிருந்தாள். கிழக்கு வாசல் வழியாக, தலைக்கவசத்திலிருந்து பாதம் வரைக்கும் தண்ணீர் சொட்ட, உள்ளே யாருமே இல்லாமல், இரும்பு நடந்து வந்தது. கழுத்துப் பக்கம் ஒரு சின்ன மீன் துள்ளிக்கொண்டிருந்தது. லியாங்கா பார்த்தாள். நேற்று இரவே நெக்குல் விஷயத்தைச் சொல்லி அசடு வழிந்திருந்தான். அவன் மச்சான் என்று கூப்பிட்டுவிட்டால் அவளுக்கு அது அண்ணன் முறைதானே.

“வாண்ணே. காலைத் தட்டிட்டு உள்ள வா, இப்பத்தான் பெருக்கினேன்,” என்றாள்.

இரும்பு காலைத் தட்டிவிட்டு வந்தது. விருந்தாளி உட்காருகிற இடத்தில், அடுப்புக்கு எதிரே, வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. அவரையும் உருளைக்கிழங்கும் வெந்த கஞ்சியை ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். அது தலைக்கவசத்தைக் கொஞ்சம் தூக்கி, கழுத்து வழியாகச் சாய்த்துக்கொண்டது. கஞ்சி உள்ளே போய் விழுகிற சத்தம், மழைக்குக் காத்திருந்த காலிப் பானையில் முதல் தண்ணீர் விழுகிற மாதிரி, கணீரென்று கேட்டது. கிண்ணத்தை மறுபடியும் நீட்டியது.

“பாவம், எத்தனை நாளாச்சோ,” என்றாள் லியாங்கா.

சாப்பிட்டு முடித்து அது போகவில்லை. போவதற்கு அதற்கு ஊர் எது? மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது, ஈரத்தில் இரும்பை அனுப்பினால் துருப் பிடிக்கும் என்று நெக்குலே சொல்லிவிட்டான். ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மழைக்காலச் சாப்பாடாயிற்று.

முதல் சில நாள் சனங்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். இரும்புக்கு முன்னால் பெண்கள் முக்காடு போடவேண்டுமா வேண்டாமா என்று ஒரு பேச்சு எழுந்தது; உள்ளே ஆள் இருந்தால்தானே பார்ப்பதற்கு என்று அது அடங்கியது. பிறகு எல்லோருக்கும் வேலை வந்தது, வேலை வந்தால் எந்த அதிசயமும் வீட்டு ஆள்தான். தறி அடிக்கிறவள் நூல் கண்டை அதன் கையில் மாட்டிவைத்துச் சுற்றினாள். காட்டுக்குள் விறகு பொறுக்கப் போகிறவர்கள், முள்ளில் முன்னால் நடக்க அதைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாரம் ஒரு முறை லியாங்கா அதன் மூட்டுகளில் கொழுப்புத் தடவிவிட்டாள். ஒரு வீட்டில் பானை உடைந்துபோக, கேட்காமல் கொள்ளாமல் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சோளம் வறுத்துவிட்டார்கள். இரும்பு தலையில்லாமல் வந்து அந்த வீட்டு வாசலில் பொறுமையாக நின்றது. வறுத்ததில் ஒரு பங்கு கொடுத்து, தலையைத் துடைத்து வைத்து அனுப்பினார்கள்.

ஆள் மாற்றி ஆள் ஊட்டினார்கள். மிளகாய்ப்பொடி தூவிய கிழங்கு, காட்டு மரத்துக் கொட்டை, வறுத்த மாவு, மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்த முடாய். எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொண்டது. தட்டினால் முதலில் கணீரென்றது, பிறகு டங் என்றது, மழைக்காலத்தின் நடுவில், நிறைந்த குதிர் மாதிரி பொத்தென்றது. அதன் வயிறு எப்போதும் கதகதவென்றிருந்தது. குளிர் காற்று அடிக்கிற மதியங்களில் லியாங்கா தொட்டில் பலகையை அதன் வயிற்றோடு சாய்த்துவைத்துவிட்டுக் கிழங்கு தோண்டப் போவாள். பிச்சி கன்னம் சிவக்கச் சிவக்கத் தூங்குவாள்.

வங்லென் மட்டும் ஒரு கவளம் போடவில்லை.

“நல்லா இருக்கு உன் பிறந்த வீட்டுச் சீர்,” என்பாள் லியாங்காவிடம். “என் வீட்டுக்காரனை இழுத்துட்டுப் போனவன் போட்டிருந்த சட்டை இது. நீ அதுக்கு முதுகு தேச்சு விடுற.”

“இழுத்துட்டுப் போனது உள்ள இருந்த ஆள் மதினி. இது வெறும் சட்டைதானே.”

“சட்டைக்கு எதுக்குடி பசி?”

லியாங்கா இரும்பின் கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள். பசிக்கிறது என்று தெரிந்தபிறகு அவள் ஏன் என்று கேட்டவளில்லை.

அந்த வருடம் ஊர்கள் சேர்ந்து ஒரு முடிவெடுத்திருந்தன. ஸ்பானியர் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் யாரும் ஒரு விதைகூடப் போடவில்லை. வெளியே இருந்த வயலைக் கொளுத்திவிட்டு, காட்டுக்குள் மறைவாக விதைத்தார்கள். எதிர்க் குன்றில் கோட்டை கட்டத் தொடங்கியிருந்த ஸ்பானியர், பறித்துத் தின்ன ஒன்றுமில்லாமல் சேணத்து வாரை வேகவைத்துத் தின்கிறார்கள் என்று ஒற்றர்கள் வந்து சொன்னார்கள். பசித்தாலும் அவர்கள் கட்டுவதை நிறுத்தவில்லை. மரச்சுவர் நாளுக்கு நாள் உயர்ந்தது. அது முடிந்தால் அடுத்த கயிறு இந்த ஊர் ஆண்களுக்கு.

படைத்தலைவர் பங்கி வந்தார். நெக்குலுக்குத் தாய்மாமன். வலது கையில் இரண்டு விரல் கிடையாது, ஸ்பானியன் வாளுக்குக் கொடுத்தது. அடுப்போரம் உட்கார்ந்து முடாய் வாங்கிக் குடித்தார், எதிரே உட்கார்ந்திருந்த இரும்புக்கும் மரியாதையாகத் தலையசைத்தார், பிறகு சொன்னார்:

“மருமகனே, வசந்தத்தில் குன்று ஏறுகிறோம். உன்னைவிட வேகமாக ஓட ஆளில்லை, முன்வரிசை உனக்குத்தான்.”

“சரி மாமா.”

“மூங்கில் நுனியோடு முன்வரிசையில் ஓடினால் என்ன ஆகும், உனக்குத் தெரியும். இதோ, உன் வீட்டில் இரும்பு உட்கார்ந்து அவரை தின்கிறது. காய்ச்சித் தட்டினால் முன்வரிசை முழுவதற்கும் ஈட்டிமுனை வரும்.”

நெக்குல் தரையைப் பார்த்தான். “சாப்பிடக் கூப்பிட்டுட்டேன் மாமா.”

“தெரியும்டா, ஊர் சிரிச்சு முடிச்சாச்சு. விருந்தைத் திருப்பிப் போடுகிறவரைக்கும் தொடக்கூடாது, முறை எனக்கும் தெரியும். ஆனா காலி இரும்பு எந்தக் காலத்தில் உனக்கு விருந்து போடும்?”

“அது எங்க அண்ணன் கவலை,” என்றாள் லியாங்கா, கிழங்கைப் புரட்டிக்கொண்டே.

பங்கி மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார். வசந்தத்தில் ஃபொய்யே மரம் வெள்ளையாகப் பூக்கிறவரைக்கும் பொறுப்பது, அதற்குள் இரும்பு விருந்தைத் திருப்பாவிட்டால் முறை முடிந்தது, உலையில் போடுவது என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க லியாங்கா காட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஃபொய்யே மரத்தைப் பார்த்தாள். பூக்காதே என்று ஒரு நாள் வேண்டிக்கொள்வாள், சீக்கிரம் பூத்துத்தொலை என்று மறுநாள். இரும்பு உடையாவிட்டால் நெக்குல் உடைவான்; இதில் கூட்டிக் கழிக்க என்ன இருக்கிறது? கடைசியில் பூ மொக்கு விட்ட நாளில், எல்லோரும் விதைக்கப் போயிருந்த நேரத்தில், குழவிக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, தப்பா நெனைக்காத,” என்றாள். “எனக்கு ஒரு புருஷன்தான்.”

அதன் வயிற்றில் சாய்ந்து பிச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். இரும்பு மெல்ல, ஒரு மூட்டும் கிறீச்சிடாமல், ஒரு கையால் தொட்டில் பலகையைத் தூக்கி, அடி தன்மேல் மட்டும் விழுகிற தூரத்தில், குழந்தை விழிக்காதபடி ஓரமாகச் சாய்த்து வைத்தது. பிறகு நேராக உட்கார்ந்துகொண்டது.

லியாங்கா தூக்கிய கல்லை இறக்கினாள். பிறகு அதே கல்லால் கொட்டையை நசுக்கி, வேகவைத்து, அதற்கு இரண்டு கிண்ணம் ஊற்றினாள். உருளைக்கிழங்குத் தோலைச் சீவிச் சீவி அழுதாள், சீவி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

ஃபொய்யே பூத்தது. ஆனால் உலை மூட்ட நேரமில்லை. பசி தாங்காமல் கோட்டைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்; அன்று விடிந்ததுமே ஆள்காட்டிகள் ஒன்றாகக் கத்த, குன்றுச் சரிவில் அவர்கள் வரிசை கட்டி இறங்கினார்கள். ஊர் எதிர்வரிசை கட்டியது. முன்வரிசை நடுவில் நெக்குல், கையில் மூங்கில் நுனி ஈட்டி, முதுகில் கோல். பெண்கள் கல்லும் கம்புமாகப் பின்னால் நின்றார்கள். லியாங்காவின் முதுகில் பிச்சி.

அப்போது வீட்டிலிருந்து இரும்பு வெளியே வந்தது. பொத் பொத்தென்று நடந்து, ஊர் வரிசையைத் தாண்டி, நடுவில் கிடந்த புல்வெளியைத் தாண்டி, ஸ்பானியர் வரிசையில் போய் நின்றது.

“பாத்தியாடி,” என்றாள் வங்லென். அவள் குரலில் கோபம்கூட இல்லை. “தின்னதெல்லாம் தின்னுட்டு.”

லியாங்கா நெக்குலைப் பார்த்தாள், நெக்குல் சிரித்துக்கொண்டிருந்தான். அது நின்ற இடம் சரியாக அவனுக்கு நேர் எதிரே. அவளுக்கும் புரிந்துவிட்டது.

“பின்ன எங்க மதினி நிப்பாரு?” என்றாள். “எதிர்ச்சோடி எதிர்லதானே நிக்கணும்.”

நெக்குல் ஈட்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுக் கோலை உருவினான். பங்கி மாமா திட்டியது அவன் காதில் விழவில்லை. அவன் ஓடினான், ஊரே பின்னால் ஓடியது, துப்பாக்கிகள் வெடித்தன, அவன் காது நுனி ஒன்று பறந்துபோயிற்று, அவன் நிற்கவில்லை. கையைப் பரப்பி மறித்து நின்ற இரும்பின் கணுக்காலில், அன்றைக்குத் தண்ணீரில் போட்ட அதே கொக்கியைப் போட்டு, அதே மாதிரி வாரினான்.

இரும்பு மல்லாந்து விழுந்தது. மார்பு வார்கள் பட்டென்று அறுந்து, வயிறு திறந்துகொண்டது. ஒரு மழைக்காலம் முழுக்க ஊர் போட்ட சாப்பாடு, ஒரு பருக்கை கெடாமல், ஆவி பறக்கப் பறக்கச் சரிவில் கொட்டியது. கஞ்சி கஞ்சியாகவே, கிழங்கு கிழங்காகவே, மிளகாய்ப்பொடி மணக்க, வறுத்த மாவு புகையாக எழ, கொட்டிக்கொண்டே இருந்தது, ஒரு வீட்டளவு குவிந்தபிறகும் கொட்டியது. அந்த மணம் இரண்டு வரிசையையும் ஒரு முழுமூச்சு நேரம் அசையவிடவில்லை.

பிறகு ஸ்பானியர் வரிசையில் ஒருவன், கன்னம் ஒட்டிப்போன பயல், துப்பாக்கியைப் புல்லில் வைத்தான். இரண்டு கையும் வேண்டியிருந்தது அவனுக்கு. அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அதற்கடுத்தவன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கிண்ணமாக்கினார்கள். தளபதி குதிரைமேல் உட்கார்ந்து கத்தினான், கத்தியைச் சுழற்றினான். அவன் குதிரை கழுத்தை நீட்டி மாவைத் தின்னத் தொடங்கியது.

“குத்தலாமா?” என்று ஒருவன் பங்கி மாமாவைக் கேட்டான்.

“சாப்பிடுறவனைக் குத்துறதா? உன்னை எங்கடா வளர்த்தாங்க?” என்றார் மாமா. பிறகு புல்லைப் பார்த்தார். “ஆனா அந்த வாளு ஒண்ணும் சாப்பிடலையே.”

பெண்கள்தான் முதலில் போனார்கள். சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து, கூட்டிப் பெருக்குகிற மாதிரி, வாளும் துப்பாக்கியும் அள்ளினார்கள். கிழிந்த சட்டை போட்ட ஒருவன், வெட்கத்தில் யாரையும் பார்க்காமல் வேக வேகமாகத் தின்றுகொண்டிருந்தான். திறந்து கிடந்த இரும்பு, தன் கைக்கெட்டிய ஒரு கிழங்கை அவன் பக்கம் உருட்டிவிட்டது. அவன் அப்போதுதான் அது தன் இரும்புச் சட்டை என்று கண்டுகொண்டான். வங்லென் அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் வாயில் கிழங்கு, இடுப்பில் வாள். அவள் கையில் கல்.

விழுங்கத் திணறுகிற அவன் தொண்டையைப் பார்த்தாள். பிறகு கல்லைப் போட்டுவிட்டு, அவன் இடுப்பிலிருந்து வாளை உருவிக்கொண்டாள்.

“மென்னு தின்னு,” என்றாள். “விக்கப்போகுது.”

கடைசிப் பருக்கை தீர்ந்ததும் அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே ஊர் முழுவதும் நின்றது, அவர்களுடைய வாளே அவர்களைப் பார்த்து நின்றது. ஆளுக்கு ஒருவராக எதிரே நின்று, முறையைச் சொன்னார்கள்: சாப்பிட்டாயிற்று, இனி திருப்பிப் போடுகிறவரைக்கும் இங்கே நிற்க உனக்கு இடமில்லை. பாஷை புரிந்ததோ என்னவோ, வாள் புரிந்தது. குதிரையிலிருந்து இறக்கிவிடப்பட்ட தளபதி முன்னால் நடக்க, ஆற்றைக் கடந்து வடக்கே போனார்கள். அன்று மாலைக்குள் கோட்டைச் சுவரில் நல்ல மரமெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, மீதியைக் கொளுத்தினார்கள்.

போர் அதோடு முடியவில்லை, பிச்சிக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகும் முடியவில்லை. சாப்பிடாத ஸ்பானியர்கள் வடக்கே இன்னும் நிறைய இருந்தார்கள், அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஊரும் குன்று குன்றாக ஏறி இறங்கி அவர்களை விரட்டிக்கொண்டே இருந்தது, இப்போது இரும்பு முனையோடு. சாப்பிட்டவர்களில் ஒருவன்கூடச் சண்டைக்குத் திரும்ப ஆற்றைத் தாண்டவில்லை. ஆனால் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் துறையில், இக்கரை மணலில், ஒரு மூட்டை கோதுமை யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மூட்டையின் வாய் பழைய சட்டைக் கிழிசலால் கட்டியிருக்கும். வங்லென்தான் போய் எடுத்துவருவாள். பிடுங்கிய வாளால் அவள் அந்தப் பருவம் முழுக்கக் கிழங்கு தோண்டினாள், அது மழுங்கிய பிறகுதான் ஈட்டிக்குக் கொடுத்தாள்.

இரும்பு அன்றைக்குச் சாயங்காலமே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டது. லியாங்கா அறுந்த வார்களுக்குப் பதில் தோல்வார் கோத்துக் கட்டினாள். நெக்குல் காதில் மூலிகை வைத்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பங்கி மாமா வந்தார். வாசலில் நின்றபடியே கொஞ்ச நேரம் வழக்குப் பேசினார்.

“விருந்து போட்டதென்னவோ நிஜம். ஆனா போட்டது அவங்களுக்கு, நமக்கில்லை. அப்படிப் பார்த்தா இவன் நெக்குலுக்கு இன்னும் திருப்பிப் போடலை.”

“அதனால?” என்றாள் லியாங்கா.

“அதனால இன்னும் தொடக்கூடாது. பூக்கெடு நான் வெச்சது, முறை முன்னோர் வெச்சது. முறைன்னா முறைதான்,” என்று சொல்லிவிட்டு, தனக்கும் ஒரு கிண்ணம் கேட்டு உட்கார்ந்தார்.

லியாங்கா இரும்பின் வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. முதுகிலிருந்த பிச்சி அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள். வாசலில் யாரோ வருகிற நிழல் விழுந்தது. வங்லென், கையில் மூடிவைத்த பானை. நேராக உள்ளே வந்து, இரும்பின் தலையைத் தூக்கி, அவளே ஊற்றினாள்.